டீனா புரூக்ஸ்: ஆறு நாள் இடைவெளியில் இரண்டு தட்டுகள்

டெனர் சாக்ஸபோன் கலைஞர் டீனா புரூக்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒப்பாரியைத்தான் வைக்கிறார்கள். 1932ல் பிறந்தார், ஹெராயினுக்கு அடிமையானார், 42 வயதில் செத்துப்போனார். ப்ளூ நோட் கம்பெனிக்காகத் தன் தலைமையில் நான்கு இசைத்தட்டுகள் பதிவு செய்தார். உயிரோடு இருந்தபோது வெளிவந்தது ‘ட்ரூ ப்ளூ’ ஒன்றே ஒன்று. எல்லாம் உண்மைதான். ஆனா இந்தப் பரிதாபக் கதையிலேயே நின்றுவிட்டால், மனுஷன் என்ன வாசித்தார், என்ன எழுதினார் என்பது காதில் விழாமலே போய்விடுகிறது.

1960 ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்வோம். 19ஆம் தேதி, டிரம்பெட் கலைஞர் ஃப்ரெடி ஹப்பர்டின் முதல் தட்டு ‘ஓப்பன் செசமி’ பதிவாகிறது. புரூக்ஸ் அதில் துணைக் கலைஞர்தான். ஆனால் தட்டுக்குப் பெயர் தந்த உருப்படி அவர் எழுதியது. ‘ஜிப்சி ப்ளூ’வும் அவருடையதே. 25ஆம் தேதி, புரூக்ஸ் தலைமையில் ‘ட்ரூ ப்ளூ’. இப்போது ஹப்பர்ட் துணைக்கு வருகிறார். ஆறு உருப்படிகளில் ஐந்து புரூக்ஸ் எழுதியவை. ஆறே நாள் இடைவெளி. ஹப்பர்ட் நட்சத்திரமானார். புரூக்ஸின் பதிவுகள் 1961ஓடு நின்றுபோயின.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஹப்பர்ட் நுழைந்ததுமே அறையை நிரப்பிவிடுவார். புரூக்ஸ் அப்படியில்லை. தொனி கொஞ்சம் ஒல்லி. சத்தம் போட்டுக் கவனத்தை இழுக்க மாட்டார். ஒரு வரியை எடுத்தால் நீளமாக விட்டு, இதோ முடிகிறது என்று நாம் நினைக்கிற இடத்தில் லேசாக வளைத்து வேறு பக்கம் கொண்டுபோவார். ஜிம்மி ஸ்மித்தின் 20 நிமிட ப்ளூஸான ‘தி செர்ம’னிலும் (1958) இதே நிதானம்தான்.

கோல்ட்ரேன் மாதிரி புதுப் பாதை போட்டவர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பக்கத்தில் கோல்ட்ரேனும் ரோலின்ஸும் இருந்த காலத்தில், அடக்கமாக வாசிப்பவரைக் கவனிக்க ஆள் குறைவு. ஆனால் மைனர் ஸ்கேலில் சோகமும் துள்ளலும் ஒன்றாக வருகிற மெட்டு போடுவதில் அவருக்கு ஒரு தனிக் கை இருந்தது. அதைத்தான் விமர்சகர்கள் பேசியிருக்க வேண்டும்.

1985ல் மொசைக் நிறுவனம் அவருடைய ப்ளூ நோட் பதிவுகளைத் தொகுத்து ஒரே பெட்டியாக வெளியிட்டது. அவர் இறந்து 11 வருஷம் கழித்து! ஆக, இனிமேலும் இரக்கத்துக்காக அவரைக் கேட்க வேண்டியதில்லை. ‘குட் ஓல்ட் சோ’லில் தொடங்குங்கள். மெட்டு தானாகவே உங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும்.