மேதைக்கு மட்டும் திறக்கும் கதவு

‘தி குட் டாக்டர்’ பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள் சொல்வது ஒன்றுதான்: “ஷான் மர்ஃபி செம ஜீனியஸ்ல?” அந்தத் தொடரோடு எனக்குள்ள சிக்கலே அந்த ‘ஜீனியஸ்’தான்.

2013இல் கொரியாவில் வந்த தொடரை 2017இல் அமெரிக்கர்கள் மறுஆக்கம் செய்தார்கள். ஏழு சீசன், 126 எபிசோட். ஃப்ரெடி ஹைமோர் நடித்த ஷான், ஆட்டிசம் உள்ள பயிற்சி அறுவை மருத்துவன். முதல் எபிசோடிலேயே, அவனை எடுக்கலாமா என்று மருத்துவமனை நிர்வாகக் குழு அடித்துக்கொள்கிறது. அவனோ விமான நிலையத்தில் அடிபட்ட ஒரு பையனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். அந்தக் காணொளி பரவுகிறது, கதவு திறக்கிறது. மற்றவர்கள் சான்றிதழோடு வந்தால் போதும். இவன் மட்டும் ஓர் அற்புதத்தோடு வர வேண்டும்.

ஆட்டிசம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஷானின் அபூர்வ ஞாபகசக்தி கிடையாது. சுமாராகப் படித்துத் தேறிய ஓர் ஆட்டிச மாணவிக்கு இந்தத் தொடரில் எங்கே இடம்? மருத்துவப் பயிற்சியில் அவளை வதைக்கப்போவது பாடப்புத்தகம் இல்லை. சில வாரத்துக்கொரு புது வார்டு, புது மேலதிகாரி, ஓயாமல் கத்தும் மானிட்டர்கள், ரவுண்ட்ஸில் எப்போது பேசலாம் எப்போது வாயை மூடணும் என்று யாருமே சொல்லித்தராத விதிகள். இதெல்லாம்தான்.

இந்தக் கேள்விக்குத் தொடர் பதில் தேடியது கடைசி சீசனில். சார்லி லுகாய்டிஸ் என்ற ஆட்டிச மருத்துவ மாணவி வருகிறாள். நடித்த கேய்லா குரோமரும் ஆட்டிசம் உள்ளவர். ஷான்தான் சார்லிக்கு ஆதர்சம். ஆனால் அவளுடைய ஓயாத பேச்சையும் கேள்வியையும் ஷானால் தாங்க முடியவில்லை. தனக்குக் கிடைத்த பொறுமையை அவளுக்குத் தர அவனுக்கு மனசு வரவில்லை.

ஆட்டிசம் உள்ளவரும் இல்லாதவரும் பரஸ்பரம்தான் புரிந்துகொள்ளத் தவறுகிறார்கள், குறை ஒரு பக்கம் மட்டும் இல்லை என்று 2012இல் டேமியன் மில்டன் எழுதினார். அப்படியானால் ஷானும் சார்லியும் சுலபமாக ஒத்துப்போயிருக்கணும். ஏன் முடியலை? ஆட்டிசத்துக்கு ஒரே முகம் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஷான் இப்போது மதிப்பெண் போடுகிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். தொடர் சொன்ன மிக நேர்மையான கதை இது. இதற்குக் கிடைத்ததோ சில எபிசோட்தான். மருத்துவத்தில் நரம்பியல் பன்மைக்கான அறக்கட்டளைகூட இறுதி எபிசோடில் பத்து வருஷம் தாவிய பிறகுதான் வருகிறது. கதையாகியிருக்க வேண்டியது பின்குறிப்பாகிவிட்டது.

நிஜத்தில் யாரும் அற்புதத்துக்குக் காத்திருக்கவில்லை. மயக்கவியல் நிபுணர் மேரி டோஹர்ட்டி 2019இல் ஆட்டிசம் உள்ள மருத்துவர்களுக்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் ஏற்கனவே வார்டுகளில் இருக்கிறார்கள், நம்மைப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் பொறியாளன். படியேற முடியாதவருக்குச் சாய்தளம் கட்டும்போது, “நீங்க ஒலிம்பிக் பதக்கம் வாங்கியிருக்கீங்களா?” என்று நாங்கள் கேட்பதில்லை. எழுத்தில் தரும் அட்டவணையும், வார்டு மாறுவதை முன்கூட்டியே சொல்வதும், சத்தமில்லாத ஓர் ஓய்வறையும் அந்த மாதிரிச் சாய்தளங்கள்தான்.

தொடரைப் புதிதாகப் பார்க்கப்போறவங்க நடுவில் சலித்து நிறுத்தினாலும் பரவாயில்லை. ஏழாவது சீசனில் சார்லி வரும் பகுதிகளை மட்டும் விட்டுடாதீங்க.