சேவையும் சொகுசும்: ‘கருக்கு’ காட்டும் துறவு வாழ்வின் மெத்தனம்

கிறித்தவ மறையுரைகளில் மெத்தனம் பெரும்பாலும் தனிமனிதரின் குறையாகவே பேசப்படுகிறது. செபம் குறைந்துவிட்டது, பூசைக்குப் போவது பழக்கமாகிவிட்டது, மனம் ஆறிவிட்டது என்பன வழக்கமான குற்றச்சாட்டுகள். அவற்றுக்குச் சொல்லப்படும் மருந்தும் தனிமனிதருக்கானதே: இன்னும் உருக்கமாக வேண்டுக. ஆனால் இது குறித்து விவிலியத்தில் உள்ள மிகக் கடுமையான கண்டனம் தனிமனிதருக்கு எழுதப்பட்டதன்று. திருவெளிப்பாட்டு நூலின் மூன்றாம் அதிகாரம் லவோதிக்கேயா என்னும் சபையை நோக்கிப் பேசுகிறது. செல்வம் சேர்ந்துவிட்ட அச்சபை தனக்கு எதுவும் தேவையில்லை என்று நம்புகிறது. அந்த நம்பிக்கையே அதன் நோய். மெத்தனம் வசதியிலிருந்து பிறக்கிறது, ஒரு கூட்டம் சேர்ந்தே அதை வளர்க்கிறது என்ற இப்பார்வை தமிழ்க் கிறித்தவ எழுத்தில் அரிதாகவே தொழிற்பட்டுள்ளது. தொழிற்பட்ட இடங்களில் முதன்மையானது பாமாவின் ‘கருக்கு’.

1992இல் மதுரையிலிருந்து வெளிவந்த இந்நூல் தலித் தன்வரலாறு என்ற நிலையில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. சாதி, மொழிநடை, பெண்ணுடல், உழைப்பு ஆகிய கோணங்களில் கட்டுரைகள் பல உண்டு. அதை ஒரு விசுவாச நூலாக, அதாவது ஒரு கிறித்தவர் தம் சபையை நோக்கி எழுப்பும் உட்குரலாக வாசித்தவை குறைவு. நூலின் தலைப்போ அவ்வாசிப்பைக் கோரியே நிற்கிறது. கருக்கு என்பது பனைமட்டையின் இருபுறமும் உள்ள ரம்பப் பல். எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில் இறைவார்த்தையை இருபுறமும் வெட்டும் வாளுக்கு ஒப்பிடும் இடத்தில், பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதே சொல்லைத்தான் ஆள்கிறது. பாமாவும் முன்னுரையில் இத்தொடர்பைச் சுட்டுகிறார். சிறுவயதில் விறகு பொறுக்கப் போன இடத்தில் தோலைக் கீறிய மட்டையும் மறைநூலின் வாளும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன.

பங்களாவை விட்டவர்

பாமாவின் வெளியேற்றத்தை மதிப்பிட, அதே மதுரை வட்டாரத்தில் அதற்கு முன் நிகழ்ந்த மற்றொரு வெளியேற்றத்தை அருகில் வைத்துப் பார்ப்பது உதவும். திண்டுக்கல் சமவெளிக்கு அமெரிக்க மதுரை மிஷன் 1835இலேயே வந்துவிட்டது. பள்ளி, மருத்துவமனை, ஆலயம் என்று பணிகள் பெருகியபோது அவற்றின் நடுவே மிஷன் பங்களாவும் நிலைபெற்றது. பணியாளர்களும் சுற்றுச்சுவரும் அகன்ற தாழ்வாரமும் கொண்ட அந்த வீடு, சேவை செய்ய வந்தவரைச் சேவிக்கப்படுபவராக மாற்றும் ஏற்பாடாகவும் இருந்தது. இம்மிஷனின் ஊழியராக 1925இல் வந்தவர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான். கதர் உடுத்தி, தேசிய இயக்கத்தின்பால் பரிவு காட்டிய அவர் 1930இல் இந்தியாவை விட்டுச் செல்ல நேர்ந்தது. திரும்பி வந்தவரை 1944இல் ஆங்கில அரசு மீண்டும் வெளியேற்றியது. விடுதலைக்குப் பின் மறுபடி வந்தார். 1947இல் டி. எஸ். சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகே தொடங்கிய காந்திகிராமத்தோடும், வத்தலக்குண்டுப் பகுதிக் கிராமங்களோடும் தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்டார்.

அயல்நாட்டு மிஷன்கள் அரசுக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி அளித்தே இந்தியாவில் பணியாற்றின. பள்ளிகளும் மருத்துவமனைகளும் தடையின்றி நடப்பதற்கு அது விலை. மிஷனில் இருந்த எவரும் தீயவராக இருக்க வேண்டியதில்லை. நிறுவனம் நிலைக்க வேண்டும் என்ற கவலை ஒன்றே போதும், விசுவாசம் ஆறிவிடும். கெய்த்தானின் வரலாற்றில் தெளிவாகும் இவ்வுண்மையைத்தான் ‘கருக்கு’ கன்னியர் மடத்துக்குள் இருந்து, இன்னும் கூர்மையாக, எழுதிக் காட்டுகிறது.

மடத்துக்குள் நுழைந்த கேள்வி

நூலின் பெண் ஏற்கெனவே ஆசிரியை. கன்னியர் நடத்தும் பள்ளியில் வேலை செய்தபோது அங்கே தலித் பிள்ளைகள் நடத்தப்படும் விதத்தைக் காண்கிறாள். ஒரு துறவு சபையை நிறுவிய பெண்மணி ஏழைகளுக்காக வாழ்ந்ததைப் படித்து, அவ்வாறே வாழ எண்ணிச் சபையில் சேர்கிறாள். மெத்தனத்தைப் பற்றிய நூலின் முழு வாதமும் இந்த நுழைவில் அடங்கியிருக்கிறது. நிறுவியவரின் தீவிரம் புத்தகத்தில் இருக்கிறது. மடமோ வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியை நடத்துகிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள தொலைவை மடத்தில் யாரும் முரணாக உணர்வதில்லை. அத்தொலைவே அங்கே இயல்பு.

இந்த இயல்பாதலைப் பாமா காட்டும் முறை கவனத்துக்குரியது. கொடுமைக்காரத் தலைவியையோ மறைவான ஊழலையோ அவர் தேடவில்லை. உணவு, உடை, கட்டடம், நேர அட்டவணை என்று அன்றாடத்தையே அடுக்குகிறார். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளில் ஏழ்மை எப்படிப் பொருளிழக்கிறது என்பது அந்த அடுக்கில் தானே வெளிப்படுகிறது. வேண்டியதெல்லாம் கேட்காமலே கிடைக்கும் இடத்தில் எடுக்கப்பட்ட ஏழ்மை வார்த்தைப்பாடு ஒரு சடங்குச் சொல். கீழ்ப்படிதலோ முழு வலிமையோடு இயங்குகிறது; கேள்வி கேட்பவரை அடக்க அது பயன்படுகிறது. மூன்றில் எது நெகிழ்ந்தது, எது இறுகியது என்று பார்த்தாலே நிறுவனத்தின் திசை தெரிந்துவிடும்.

‘ஊழியம்’ என்ற சொல்லின் வரலாறு இங்கே துணைக்கு வருகிறது. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியார் கூலியின்றிச் செய்ய வேண்டியிருந்த கட்டாய வேலைக்கு ஊழியம் என்று பெயர். சீர்திருத்தச் சபையார் வழக்கில் அதே சொல் இறைப்பணியைக் குறிக்கிறது. ‘கருக்கு’ இச்சொல்லாராய்ச்சியில் இறங்கவில்லை என்றாலும் இரு பொருளையும் எதிரெதிரே நிறுத்திவிடுகிறது. நாயக்கர் வீடுகளில் நாள் முழுதும் உழைத்து, எட்ட நின்று ஊற்றப்படும் மிச்சச் சோற்றை வாங்கி வரும் பாட்டியின் ஊழியம் ஒருபுறம். சேவை என்ற பெயர் தாங்கிய மடத்து நாள் மறுபுறம். பாட்டியின் கையில் சேவை என்ற சொல் இல்லை. மடத்தில் சொல் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

நூலின் கட்டமைப்பும் இதற்கு உடன்படுகிறது. நிகழ்வுகள் காலவரிசையில் செல்லாமல், ஒவ்வோர் அதிகாரமும் ஊரிலிருந்து மீண்டும் தொடங்குகிறது. மடத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தெரு வந்து குறுக்கிடுகிறது. கோயிலும் பள்ளியும் அஞ்சலகமும் மேல்சாதித் தெருக்களில் அமைந்திருந்த ஊர் அது. வடைப் பொட்டலத்தைக் கைபடாமல் நூலில் தொங்கவிட்டுக் கொண்டுவந்த முதியவரும் அத்தெருவில் நடக்கிறார். கூறியது கூறல் என்று சிலர் குறை காணக்கூடிய இம்முறையே மடத்து அமைதிக்குள் வாசகர் உட்கார்ந்துவிடாமல் தடுக்கிறது. எழுத்துநடை பேச்சுமொழியாக இருப்பதும் இதே வேலையைச் செய்கிறது. வேண்டுதல் நூல்களின் பழகிய சொற்கள் தரும் தாலாட்டு இந்நடையில் கிடையாது.

பாமா கடவுளைக் கைவிடுவதில்லை. பொறுமை, பணிவு, அடக்கம் என்று போதிக்கப்பட்ட இயேசுவையும், அநீதியைக் கண்டு சினந்து ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்ற இயேசுவையும் பிரித்துப் பார்க்கிறார். இரண்டாமவரைச் சபை மறைத்துவிட்டது என்பதே அவர் குற்றச்சாட்டு. எனவே மெத்தனத்திலிருந்து விழிப்பது அவருக்குப் பக்தி மிகுவதன்று. எந்த இயேசுவை நம்புவது என்று தேர்ந்துகொள்வது. தனிமனித மருந்துகளை மட்டும் கொடுக்கும் மறையுரை மரபுக்கு இது நேரடியான மறுப்பு.

நூலில் குறை இல்லாமல் இல்லை. மடத்துக் கன்னியர் பெரும்பாலும் முகமற்ற கூட்டமாகவே வருகின்றனர். உள்ளேயே இருந்து போராடியவர், மனம் வெந்தும் வெளியேற இயலாதவர் யாரேனும் இருந்திருக்கலாம் என்ற ஐயத்துக்கு நூல் இடம் தருவதில்லை. தலித் பெண்களைச் சில சபைகள் சேர்ப்பதில்லை என்ற பேச்சை மடத்திலேயே கேட்டதாகப் பதிவு செய்யும் நூல், சேர்க்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்ட தலித் கன்னியரின் நிலையை ஆராயாமல் விடுவது பெரிய இழப்பு. மெத்தனம் நிறுவனத்தின் விளைவு என்று நிறுவும் நூல், அந்நிறுவனத்தை உள்ளிருந்து மாற்ற முடியுமா என்ற கேள்வியின் வாயிலில் நின்றுவிடுகிறது.

விழிப்பின் விலை

கெய்த்தானும் பாமாவும் வெளியேறியவர்களே. ஆயினும் இருவருடைய வெளியேற்றமும் ஒன்றன்று. பங்களாவை விட்ட அமெரிக்கரை ஏற்றுக்கொள்ள ஓர் இயக்கம் இருந்தது. திண்டுக்கல் அருகே காந்திகிராமம் இருந்தது. அவர் எளிமை துறவாகப் போற்றப்பட்டது. அவர் துறந்தது தமக்கு உரிமையாக இருந்த வசதியை. ஏழாண்டுக்குப்பின் 1992இல் மடத்தை விட்ட தலித் பெண்ணோ தம் குலத்தில் எவருக்கும் வாய்க்காத பாதுகாப்பை விட்டு வந்தார். வேலையோ கையிருப்போ இல்லை. ஊர்ப் பார்வையில் அது துறவன்று, மடத்திலிருந்து திரும்பி வந்துவிட்ட பெண் என்ற பெயர். ஒரே விழிப்புக்கு இருவர் கொடுத்த விலை இவ்வளவு வேறுபடுவதால், வசதியைத் துறக்கச் சொல்லும் ஆன்மிக அறிவுரை யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது. சபையில் பிறந்து வளர்ந்த வறியவருக்கு மடத்தின் மூன்று வேளை உணவு மெத்தனம் ஆகுமா? ‘கருக்கு’ இக்கேள்வியை நேராக எழுப்புவதில்லை. ஆனால் வெளியே வந்த பின் தனிமையையும் நிச்சயமின்மையையும் எழுதும் இறுதிப் பகுதி முழுதும் இக்கேள்வியின் கனத்தில் நகர்கிறது.

2003இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மறைமாவட்டமானது. அதன் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும், மதுரை மிஷன் விட்டுச் சென்ற நிறுவனங்களிலும் சேவை என்ற சொல் நாள்தோறும் புழங்குகிறது. அங்கே தரை துடைப்பவர் யார், கையெழுத்திடுபவர் யார் என்று ‘கருக்கு’ வாசகர் பார்ப்பார். பாமா உத்திரமேரூர்ப் பகுதியில் பள்ளி ஆசிரியையாகப் பணியேற்றார். ‘சங்கதி’ 1994இல் வந்தது.