கறுப்புத் திரையில் ஒரு வரிசை

திண்டுக்கல் வெயிலுக்குத் தப்பி, நூற்பாலை அலுவலகத்தின் ஏசி அறையில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரின் திரையில் படமில்லை, பொத்தானில்லை. கறுப்பில் துடிக்கும் ஒரு கோடு மட்டும். 'மெயில்க்யூ' என்று தடதடவெனத் தட்டி என்டர் அமுக்கினால், போகாமல் நிற்கும் கடிதங்கள் இறங்கும்: அடையாள எண், அளவு, அனுப்பியவர், கூடவே அடைப்புக்குறிக்குள் தடைக்கான காரணம். யாரையும் கடிந்துகொள்ளாத அந்தக் காரண வரிதான் எனக்குப் பிடித்தது.

அந்த சர்வரில் கடிதங்களைக் கொண்டுசேர்க்கும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸுக்குப் பதற்றமே கிடையாது. எதிர்முனை திறக்காவிட்டால் சில நிமிடம் விட்டுத் தட்டும். இடைவெளியைக் கூட்டியபடி, மாற்றிச் சொல்லாதவரை, 5 நாள் பார்க்கும். அதன்பின்தான் அனுப்பியவருக்கே திருப்பும். வரிசையை மொத்தமாக அழிக்கச் சொல்லும் 'ஆல்' மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தாக வேண்டும். சின்ன எழுத்தில் அடித்தால் ஒரு கடிதத்தையும் தொடாது. நல்ல ஜாக்கிரதைக்காரர்தான் இந்த மென்பொருளை எழுதியிருக்கிறார்!