சேர்க்கவும், கிளறவும், காயவிடவும்

என் அம்மாவிடம் ஒரு பழைய கணக்கு நோட்டு இருந்தது. பெண்கள் இதழ்களில் வந்த வீட்டுக்குறிப்புகளை வெட்டி, சோற்றுப் பசை தடவி அதில் ஒட்டி வைத்திருந்தார். மிஞ்சிய இட்லியை உதிர்த்து உப்புமா செய்வது, புளித்த மாவில் வெங்காயம் போட்டுக் குழிப்பணியாரம் ஊற்றுவது, கிழிந்த பருத்திப் புடவைகளை அடுக்கித் தைத்து மெத்தை விரிப்பாக்குவது, துருப்பிடித்த இரும்பு நாற்காலியைப் புதிதாக்குவது. சமையலும் நாற்காலியும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும். இரண்டும் ஒரே வேலை என்று அந்தப் பக்கத்துக்குத் தெரிந்திருந்தது: குறைந்த பணத்தில் குடும்பத்தைக் குறையில்லாததுபோல் காட்டும் வேலை.

இந்தக் குறிப்புகளை யாரும் எழுத்து என்று மதித்து விமர்சனம் செய்வதில்லை. ஆனால் அம்மா வாழ்நாளில் அதிகம் வாசித்தது இவற்றைத்தான். ஆகவே ஒரு சிறுகதையை வாசிப்பதுபோல இவற்றையும் வாசித்துப் பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது வினைச்சொல். சேர்க்கவும், கிளறவும், தேய்க்கவும், காயவிடவும். எந்த வாக்கியத்திலும் எழுவாய் கிடையாது. ‘வரிசையில் நிற்கவும்’, ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதும் அதே மரியாதையான ஏவல்தான் இது. ஆனால் அறிவிப்புப் பலகை அந்த வழியாக வரும் எல்லோரையும் பார்த்துப் பேசுகிறது. வீட்டுக்குறிப்பு ஒருத்தியைப் பார்த்து மட்டும் பேசுகிறது. அவள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவளைச் சொல்ல வேண்டிய அவசியமே எழவில்லை.

அதே குறிப்பில் மற்றவர்களுக்கு எழுவாய் உண்டு என்பதைக் கவனியுங்கள். குழந்தைகள் விரும்பி உண்பார்கள். விருந்தினர் பாராட்டுவார்கள். கணவரின் பழைய வேட்டி பயன்படும். உண்பவருக்கும் பாராட்டுபவருக்கும் வேட்டியின் சொந்தக்காரருக்கும் இலக்கணத்தில் இடம் இருக்கிறது. செய்பவளுக்கு இல்லை.

அடுத்தது நேரம். எளிய சமையல் என்று தலைப்பிட்ட குறிப்பில் ‘தயாரிக்கும் நேரம் 15 நிமிடம்’ என்று இருக்கும். புளி ஊறும் நேரமும் தேங்காய் துருவும் நேரமும் அதில் வராது. அடுப்பைத் துடைப்பதும் பாத்திரம் கழுவுவதும் வராது. நாற்காலிக் குறிப்பிலும் இதே கதைதான். பெயின்ட், உப்புத்தாள், வயர் எல்லாவற்றுக்கும் விலை போட்டு ‘மொத்தச் செலவு’ என்று முடித்துவிடுவார்கள். அம்மா அந்த நாற்காலியைச் செய்தபோது நான் எட்டாம் வகுப்பு. பழைய வயரை அறுத்தெறிந்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட்டு, மறுநாள் பச்சை எனாமல் ஒரு கோட், அதற்கு மறுநாள் இன்னொரு கோட். பிறகு நான்கு மதியங்கள் உட்கார்ந்து வயர் பின்னினார். விரல் நுனி வெடித்திருந்தது. கடையில் புது நாற்காலி என்ன விலையோ அதில் பாதிகூட ஆகவில்லை என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். மீதிப் பாதியை அம்மாவின் மதியங்கள் கொடுத்திருந்தன.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. மத்தியப் புள்ளியியல் துறை 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலை செய்த பெண்கள் ஒரு நாளில் அதற்காகச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும், வீட்டுவேலையில் கைவைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்கள் 81 பேர்.

அப்படியானால் சமையல் புத்தகங்களையும் குறிப்புகளையும் தூக்கி எறிய வேண்டுமா? ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ என்னைச் சற்று நிதானிக்க வைத்தது. இளம் வயதில் கணவரை இழந்த ஒரு பெண் 1951இல் வெளியிட்ட புத்தகம் அது. கைப்பக்குவம் என்று மூத்தவர்கள் மூடி வைத்திருந்ததை அளவுகளாகப் பிரித்து, பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லாதவளும் செய்யும்படி எழுதினார். தலைப்பைப் பாருங்கள். ‘பார்’ என்பது ஒருத்தியை நேராக நோக்கிச் சொல்லும் சொல். செய், சரியா வந்ததா என்று நீயே முடிவு செய் என்கிறது. பாராட்ட வரும் விருந்தினர் அந்தத் தலைப்பில் இல்லை. எழுதியவர் பெயரோ அட்டையில் இருக்கிறது.

ஆனால் அந்தப் புத்தகம் காட்டுவது ஒரு தமிழ்ப் பிராமண வீட்டின் சைவச் சமையலறை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் தமக்குத் தெரிந்ததை எழுதினார். அதற்குப் பின் வந்தவர்கள் ‘வீட்டுச் சமையல்’ என்ற பொதுப் பெயரை அதற்குச் சூட்டியதுதான் சிக்கல். அம்மாவின் நோட்டில் கருவாட்டுக் குழம்பு ஒன்றுகூட இல்லை, வீட்டில் வாரம் ஒருமுறை வைத்தபோதும். நத்தையும் உப்புக்கண்டமும் எத்தனையோ வீடுகளின் மலிவான, எளிய உணவு. அவை ‘எளிய சமையல்’ என்ற தலைப்பின் கீழ் எளிதில் வருவதில்லை. ரேஷன் அரிசியை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் சிக்கனத்துக்குக் குறிப்பும் தேவையில்லை. வேறு வழி இருப்பவர்களுக்குத்தான் சிக்கனம் ஒரு திறமை.

நாற்காலியும் எல்லோருக்கும் ஒரே பொருள் அல்ல. நம் பழைய நாற்காலியை வீட்டுவேலை செய்ய வரும் அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் பெருமைப்படுகிறோம். அவர் நம் வீட்டில் அதில் உட்கார்ந்து காபி குடித்திருப்பாரா? 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் நாட்டையே உலுக்கியது. பழைய நாற்காலியைப் புதிதாக்குவது பற்றி எழுதுகிறவர்கள், அதில் யார் உட்காரலாம் என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டின் பச்சை நாற்காலி முன்னறையில் கிடந்தது. அப்பா உட்கார்ந்தார், அவரைப் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அம்மா அடுக்களையில் அரிவாள்மனைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ஆனாலும் அவர் அதைச் செய்த நாட்களில் முகத்தில் ஒரு களை இருந்தது என்பதையும் நான் மறைக்கக் கூடாது. வயரின் நிறத்தை அவரே தேர்ந்தெடுத்தார். ஓரத்தில் குறிப்பில் இல்லாத ஒரு மஞ்சள் வரி ஓடவிட்டார். கைவேலையின் மகிழ்ச்சி உண்மைதான். அந்த மகிழ்ச்சியையே கூலியாகக் கணக்குவைத்து முடித்துக்கொண்டதுதான் அநியாயம்.

சேமித்த பணம் எங்கே போனது? வீடாயிற்று. வீடு அப்பாவின் பெயரில் இருந்தது. அவர் இறந்தபின், பிள்ளைகள் மூவரும் அம்மாவும் என்று நான்கு பங்கு. அம்மாவுக்கும் ஒரு பங்கு வந்ததே என்று உறவினர்கள் மெச்சினார்கள். வந்தது, விதவை என்ற வாரிசுரிமையில். அந்த வீட்டைச் சேர்ந்து கட்டியவர் என்ற கணக்கில் வரவில்லை.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு வழங்கினார். கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி ஊரில் குடும்பத்தை நடத்திய வழக்கு அது. இல்லத்தரசியின் உழைப்பும் சொத்து வாங்கியதில் பங்களிப்புதான், அவருக்கும் அதில் சமபங்கு உண்டு என்றது தீர்ப்பு. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்று பெயரிடவில்லை; மகளிர் உரிமைத் தொகை என்றது. தொகை சிறிது. ஆனால் எழுவாய் இல்லாத வாக்கியத்தில் ஓர் எழுவாய் வந்து சேர்வதை இரண்டிலும் பார்க்கிறேன்.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. இதழ்த் துண்டுகளுக்கு இடையே சில இடங்களில் அம்மாவின் கையெழுத்தும் உண்டு. பணியாரக் குறிப்புக்குப் பக்கத்தில் ‘உப்பு ஜாஸ்தி’ என்று திருத்தியிருக்கிறார். நாற்காலிக் குறிப்பின் கீழே தேதி போட்டு, ‘நான் பின்னியது. 4 நாள்’ என்று எழுதியிருக்கிறார். அச்சிட்ட குறிப்பில் விடுபட்ட இரண்டையும், ஆளையும் நாளையும், அவர் அன்றைக்கே எழுதி வைத்துவிட்டார். நாங்கள்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.