ரசத்தைக் குழம்போடு ஒப்பிடாதீங்க: வால்போலிசெல்லா பற்றி ஒரு விமர்சனம்

இத்தாலிய ஒயின் பற்றிய அறிமுகப் புத்தகங்கள்ல வெரோனா பகுதிக்கு வந்ததும் பெரும்பாலும் ஒரு படிக்கட்டு இருக்கும். அடிப்படியில் வால்போலிசெல்லா. அதுக்கு மேல வால்போலிசெல்லா சுப்பீரியோரே, அதுக்கும் மேல ரிபாஸ்ஸோ, உச்சியில் அமரோனே. விலை இதே வரிசையில்தான் ஏறும், ஆல்கஹாலும் அப்படித்தான். படிக்கிறவருக்கு என்ன தோணும்? கீழே இருப்பது காசு இல்லாதவனுக்கு, மேலே போகப் போக நல்ல சரக்கு. இந்தப் படிக்கட்டே தப்பு என்று எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம். அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதல்ல ஊர். வடகிழக்கு இத்தாலியின் வேனெத்தோ மாநிலத்தில், வெரோனா நகருக்கு வடமேற்கே இருக்கும் குன்றுப் பகுதி இது. மேற்கே கார்தா ஏரி, வடக்கே லெஸ்ஸீனி மலைகள். மலையிலிருந்து விரல் மாதிரி இறங்கி வரும் பள்ளத்தாக்குகள்ல ஃபுமானே, மரானோ, நெக்ரார் என்று ஊர்கள். இவற்றோடு சான் பியேத்ரோ இன் கரியானோ, சாந்தம்ப்ரோஜோ ரெண்டையும் சேர்த்த ஐந்து ஊர்கள்தான் பழைய மையப் பகுதி. அதைத்தான் 'கிளாசிகோ' என்கிறார்கள். 1968-ல் டிஓசி என்ற சட்டப் பாதுகாப்பு கிடைத்தபோது, எல்லைக்கோடு கிழக்கே இருக்கும் பள்ளத்தாக்குகளையும் சேர்த்து ரொம்ப தூரம் நீண்டுவிட்டது. குன்றுச் சரிவுகளை 'மரோன்யே' என்னும் கல்சுவர்கள் படிப்படியாகத் தாங்கி நிற்கின்றன. சாந்து இல்லாமல் கல்லைக் கல் மேல அடுக்கிக் கட்டிய சுவர்கள் அவை. கொடிகளுக்கு நடுவே செர்ரி மரங்களும் ஆலிவ் மரங்களும் உண்டு.

அடுத்து திராட்சை. முக்கியமானது கொர்வீனா. கூடவே கொர்வினோனே, ரொந்தினெல்லா. பழைய கலவைகள்ல மொலினாராவும் இருக்கும். கொர்வீனாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கிளையின் அடியில் இருக்கும் மொட்டுகள் சரியா காய்க்காது. அதனால கிளையை நீளமா விட்டு, பந்தல் போட்டுப் படர விடணும். வெரோனாப் பந்தலுக்குப் பின்னால இருக்கும் காரணம் இதுதான், வெறும் அழகு இல்லை. தோல் தடிப்பு, ஆனா துவர்ப்பு குறைவு. புளிப்பு தூக்கலா நிற்கும்.

இதை நேரடியாப் பிழிந்து புளிக்க வைத்தால் கிடைப்பதுதான் சாதாரண வால்போலிசெல்லா. நிறம் ஒளி ஊடுருவும் சிவப்பு. புளிப்புச் செர்ரி வாசம், கடைசியில் லேசா ஒரு கசப்பு. சட்டப்படி குறைந்தபட்ச ஆல்கஹால் 11 சதவீதம்தான். நாக்கைக் கழுவிவிட்டு அடுத்த வாய் சாப்பாட்டுக்கு இடம் கொடுக்கும். சாப்பாட்டோடு வேலை செய்யணும் என்றே அமைந்த ஒயின் இது.

அமரோனே வேற வகை. அறுவடையில் காற்றோட்டமான நல்ல குலைகளை மட்டும் பொறுக்கி எடுத்து, பரணில் தட்டிகள் மேல பரப்பி உலர விடுகிறார்கள். அந்த நாணல் தட்டிகளுக்கு 'அரேலே' என்று பேர். ஒரு காலத்தில் இதே தட்டிகள்ல பட்டுப்புழு வளர்த்தார்கள். இப்போ பல இடங்கள்ல மரத்தட்டும் பிளாஸ்டிக் பெட்டியும் வந்துவிட்டன. வழக்கமான விதிப்படி டிசம்பர் 1-க்கு முன்னால பிழியக் கூடாது. அதற்குள் பழம் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல இழந்து, பாதி வத்தலாகிவிடும். சர்க்கரை அடர்ந்து, ஆல்கஹால் குறைந்தது 14 சதவீதம். உலர்ந்த அத்திப்பழம், சாக்லேட், காரம் எல்லாம் கலந்த பெரிய ஒயின். நல்ல அமரோனே அற்புதமான பொருள்தான், அதை நான் மறுக்கவே இல்லை.

பிரச்சினை எங்கே என்றால், ரெண்டும் ஒரே தோட்டத்திலிருந்து வருகின்றன. ஒரு தோட்டத்து விளைச்சலில் 65 சதவீதம் வரை உலர்த்த எடுக்கலாம் என்று விதி இடம் கொடுத்தது. சந்தையில் சரக்கு தேங்கக்கூடாது என்று உற்பத்தியாளர் கூட்டமைப்பு பிறகு அந்த அளவைக் குறைத்திருக்கிறது என்பது வேறு விஷயம். ஆனா எந்தக் குலை பரணுக்குப் போகிறது என்று பாருங்க. நல்ல சரிவு, நல்ல வெயில், இடைவெளி விட்ட குலை. பொறுக்கினது போக மிச்சம் எதுவோ அதுதான் அடிப்படியில் இருக்கும் ஒயினுக்கு. அப்புறம் அதைக் குடித்துப் பார்த்துவிட்டு "இது லேசா இருக்கு, ஆழம் இல்லை" என்று மதிப்பெண் போடுகிறோம். பந்தியில் கடைசியா உட்கார வைத்துவிட்டு, இலையில் ஒன்றுமே இல்லையே என்று கேட்கிற மாதிரி இருக்கு.

ரிபாஸ்ஸோ இதைவிட விசித்திரம். அமரோனே பிழிந்து மிஞ்சிய சக்கை மேல இளம் வால்போலிசெல்லாவை ஊற்றி, மறுபடி ஒரு சுற்று புளிக்க விடுவார்கள். நிறமும் கனமும் ஏறும். இது பழைய வீட்டு முறை. மாசி நிறுவனம் 1964 அறுவடையிலிருந்து செய்த கம்போஃபியோரின்தான் இதை வெளியுலகத்துக்குப் பிரபலமாக்கியது. 2010-ல் அமரோனேவுக்கு உயர்ந்த தகுதியான டிஓசிஜி கிடைத்தது, அதே ஆண்டில் ரிபாஸ்ஸோவுக்கும் தனி டிஓசி. அதாவது லேசான ஒயினைக் கனமாகக் காட்டும் வேலைக்குத் தனிச் சான்றிதழே வந்துவிட்டது. சில நல்ல ரிபாஸ்ஸோக்கள் உண்டு. ஆனா அந்த முறைக்குள்ள ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கு: நீ இப்படியே இருந்தால் போதாது.

இந்த இடத்தில் நானே எனக்கு எதிரா மூணு விஷயம் சொல்லணும்.

ஒன்று, லேசான ஒயின்தான் 'அசல்', உலர்த்துவது வியாபாரத் தந்திரம் என்று சொல்லிவிட முடியாது. ஆறாம் நூற்றாண்டில், ராவென்னாவில் இருந்த கோத் அரசவையின் அதிகாரி கஸ்ஸியோதோருஸ் எழுதிய கடிதம் ஒன்று இருக்கு. வெரோனாப் பகுதியில் உலர்ந்த திராட்சையில் செய்யும் 'அசினாத்திகும்' என்ற ஒயினை அரச மேசைக்காகக் கேட்டு எழுதியது. இனிப்பான ரெச்சோத்தோ ஒயின் அந்த மரபில் வருவது. ரெச்சோத்தோவின் சர்க்கரை முழுசா ஆல்கஹாலாக மாறினால் அமரோனே. இந்தப் பேர் 1936-ல் நெக்ரார் கூட்டுறவுக் கிடங்கில் மறந்துபோன ஒரு பீப்பாயிலிருந்து பிறந்ததாக ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, பரண் பழசு. ஆகவே பழமையை வைத்து நான் வாதாட முடியாது.

ரெண்டாவது, விவசாயியின் வயிறு. ஒரு புட்டி அமரோனே பல புட்டி வால்போலிசெல்லாவின் விலைக்குப் போகும். கல்சுவர் சரிந்தால் தூக்கிக் கட்டுவதற்கும், டிராக்டர் ஏறாத சரிவில் கையால அறுப்பதற்கும் காசு எங்கிருந்தோ வரணும். அமரோனே இல்லாட்டி அந்த மேட்டுத் தோட்டங்கள்ல பாதி கைவிடப்பட்டிருக்கும் என்று யாராவது சொன்னால், நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

மூன்றாவது, வால்போலிசெல்லாவின் கெட்ட பேருக்கு அமரோனே மட்டும் காரணம் இல்லை. சமவெளியில் அளவுக்கு மீறி விளைவித்து, பெரிய பெரிய புட்டிகள்ல ஏற்றுமதி செய்த சப்பென்ற ஒயினும்தான் அந்தப் பேரைக் கெடுத்தது. அந்தக் காலத்தில் குடித்தவர் முகம் சுளித்தது நியாயம்தான்.

மூணையும் ஒத்துக்கொண்ட பிறகும் என் குறை அப்படியே நிற்கிறது. ஏன்னா அது அமரோனே மேல இல்லை, அளவுகோல் மேல. நூறு புட்டிகளை வரிசையா வைத்து, சாப்பாடு இல்லாமல், ஒரு வாய் ருசித்துத் துப்பி மார்க் போடும் சோதனையில் கனமானதுதான் ஜெயிக்கும். அடுத்தடுத்து சுவைத்து அலுத்துப்போன நாக்குக்கு உரக்கப் பேசுவதுதான் கேட்கும். அதே சோதனையில் ரசத்தையும் வத்தக்குழம்பையும் வைத்தால் ரசம் தோற்கும். அதுக்காக ரசம் என்பது தண்ணி ஊற்றிய குழம்பு என்று நம்ம வீட்ல யாரும் சொல்ல மாட்டோம். அதுக்கு வேற வேலை, வேற இடம். ரசத்தைச் சரியா வைப்பது குழம்பைவிடக் கஷ்டம் என்பதும் தெரியும். மறைக்க அங்கே எதுவும் இல்லை.

லேசான ஒயினும் அப்படித்தான். உலர்த்தும்போது பழம் மாறிப்போகிறது. பரணும் காலமும் சேர்ந்து ஒரு புதுச் சுவையை உண்டாக்குகின்றன. நேரடியாப் பிழிந்த கொர்வீனாவில் மண்ணும் சரிவும் அந்த வருஷத்து மழையும்தான் பேசணும். மரானோவின் உயரத்துக்கும் கீழே சமவெளிக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெளிவாத் தெரியும். நல்ல தோட்டத்துப் பழத்தை உலர்த்தாமல் பிழிந்து பார்க்கும் ஆட்கள் இப்போ அங்கே கொஞ்சம் கூடியிருக்காங்க. அவர்களை 'ஆரம்பநிலை ஒயின்' என்ற அலமாரியில் அடுக்கிவிட்டால் நாளைக்கு அவர்களும் பரணுக்கே போய்விடுவார்கள். படிக்கட்டு வரைகிறவர்கள் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

ஹெமிங்வே 1950-ல் எழுதிய வெனிஸ் நாவலில் வரும் வயதான கர்னல், நோயோடு நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவர். அவர் கேட்டுக் கேட்டுக் குடிப்பது சாதாரண வால்போலிசெல்லா. அந்த நாவலை விமர்சகர்கள் அப்போ கிழித்துப் போட்டார்கள். ஒயின் விஷயத்தில் கர்னல் சொன்னது சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

எப்பவாவது கையில் கிடைத்தால் 14, 15 டிகிரிக்குக் குளிர வைத்து, அவிச்ச பயறோ சோறோ பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்க. வெரோனாவுக்குத் தெற்கே இசோலா தெல்லா ஸ்காலாவில் நெல்தான் விளைகிறது, அந்த ஊர்க்காரர்களும் சோற்றோடுதான் குடிக்கிறார்கள். மார்க் போடாதீங்க. சாப்பிட்டு முடிக்கும்போது புட்டியில் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பாருங்க.