பார்பிகேனின் தொப்பி 15 டன்

பள்ளிக்கூட நாட்களில் நான் படித்த விமர்சகர்களில் ஆகச் சிறந்தவர், தன்னை விமர்சகர் என்று ஒருநாளும் சொல்லிக்கொள்ளாத ஒரு ருஷ்யர். யாக்கவ் பெரெல்மான். புத்தகம், 'பொழுதுபோக்கு பௌதிகம்'. ஒரு கதையை மதிப்பது என்றால் அதைக் கேள்வி கேட்பது என்று எனக்குக் கற்றுத்தந்தது தமிழ்ப் பாடவேளை அல்ல, இந்தப் பௌதிகப் புத்தகம்தான்.

எண்பதுகளில் சோவியத் புத்தகங்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகச் சின்னச் சின்ன ஊர்களுக்கும் வந்துகொண்டிருந்தன. ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் பெஞ்சு போட்டு அடுக்கிவைப்பார்கள். கெட்டி அட்டை, நல்ல தாள், பள்ளிக்கூடப் பையன் உண்டியலை உடைத்தால் வாங்கிவிடக்கூடிய விலை. டால்ஸ்டாயையும் கார்க்கியையும் வாங்கிப்போனால் வீட்டில் "கதைப் புஸ்தகமா?" என்று ஒரு முறைப்பு இருக்கும். பௌதிகம் என்று அட்டையில் போட்டிருந்ததால் பெரெல்மானுக்கு அந்தச் சோதனை இல்லை. உள்ளே முழுக்கக் கதைதான் என்பது பெரியவர்களுக்குத் தெரியாது. வெர்ன் இருந்தார், வெல்ஸ் இருந்தார். ஆகாயத்தில் எழும்பிச் சற்று நேரம் சும்மா நின்றால் பூமி கீழே சுழன்றுவிடும், இறங்கும்போது வேறு தேசத்தில் இறங்கலாம் என்று கதை விட்ட 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் சிரானோ தெ பெர்ஜராக்கும் இருந்தார். அவருடைய கதாநாயகன் பிரான்சில் எழும்பிக் கனடாவில் இறங்குகிறான்.

பெரெல்மான் 1882இல் பிறந்தவர். படித்தது வனவியல். அந்தப் பட்டத்தை வைத்து அவர் காட்டுக்குப் போகவில்லை. பீட்டர்ஸ்பர்க்கில் 'இயற்கையும் மனிதர்களும்' என்ற பத்திரிகையில் எழுத உட்கார்ந்துவிட்டார். 'பொழுதுபோக்கு பௌதிகம்' முதல் பாகம் 1913இல் வந்தது, இரண்டாம் பாகம் 1916இல். புதிதாக எதையும் கற்றுத்தருவது தன் முதல் நோக்கமல்ல, உனக்கு ஏற்கெனவே தெரிந்ததை நீயே சரியாகத் தெரிந்துகொள்ளச் செய்வதுதான் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். எங்கள் பாடப்புத்தகம் நேர்மாறானது. அது விதியை முதலில் சொல்லும், உதாரணத்தைப் பிறகு கொடுக்கும், 'ஏன்' என்பதைத் தேர்வுக்கு வராது என்று விட்டுவிடும்.

அவருடைய கைத்திறனுக்கு ஓர் இடத்தைக் காட்ட வேண்டுமானால் நான் வெர்னின் பீரங்கியைத்தான் காட்டுவேன். 1865இல் வந்த 'பூமியிலிருந்து சந்திரனுக்கு' நாவலில் 900 அடி நீளப் பீரங்கிக்குள் குண்டை வைத்து, குண்டுக்குள் மனிதர்களை வைத்துச் சுடுகிறார்கள். இது நடக்காது என்று ஒரு வரியில் யாரும் சொல்லிவிடலாம். பெரெல்மான் அப்படிச் சொல்வதில்லை. நாவலாசிரியர் கொடுத்த எண்களை அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்கில் இறங்குகிறார். குழாய்க்குள் குண்டு இருக்கும் நேரம் நொடியில் நாற்பதில் ஒரு பங்கு. அதற்குள் அது நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தை எட்டியாக வேண்டும். அப்படியானால் உள்ளே இருப்பவர்கள் தங்கள் எடையைப்போல் சுமார் 60,000 மடங்கு பாரத்தில் நசுங்குவார்கள். இங்கே சாதாரண ஆசிரியர் நிறுத்திக்கொள்வார். பெரெல்மான் இன்னொரு அடி எடுத்துவைக்கிறார்: பயணிகளில் ஒருவரான பார்பிகேன் தலையில் இருக்கும் தொப்பி மட்டுமே 15 டன் கனக்கும். 60,000 என்ற எண் எனக்கு வெறும் எண்ணாகத்தான் இருந்தது. தொப்பி வந்த பிறகுதான் கழுத்தில் வலித்தது.

அந்தப் பயணத்திலேயே இதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. செத்துப்போன நாயைக் குண்டிலிருந்து வெளியே எறிகிறார்கள். அது கீழே விழாமல் கூடவே வருகிறது. வெர்ன் எழுதியது முற்றிலும் சரி. வெளியே நாய் கூடவே வருமானால், உள்ளே மனிதர்களும் நாற்காலிகளும் குண்டோடு சேர்ந்து அதே வேகத்தில்தானே போகிறார்கள்? அவர்களுக்கும் பயணம் முழுக்க எடை இருக்கக் கூடாதே? வெர்னோ பூமிக்கும் சந்திரனுக்கும் இடையில் ஈர்ப்புகள் சமமாகும் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் அவர்களை மிதக்கவிடுகிறார். உண்மையின் வாசல்படிவரை வந்து திரும்பிப்போன நாவலாசிரியரைப் பெரெல்மான் கேலி செய்யவில்லை. நாய் இருக்கும் பக்கத்தைத் திறந்துவைத்து நம்மையே யோசிக்கச் சொல்கிறார். நல்ல விமர்சகர் படைப்பைப் படைப்பாலேயே மடக்குவார் என்று பிற்பாடு பெரிய பெரிய கட்டுரைகளில் படித்தபோது எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

வெல்ஸின் 'மறைந்த மனிதன்' இன்னும் சுவாரசியம். கண்ணாடியைப் பொடித்துத் தண்ணீரில் போட்டால் பொடி கண்ணுக்குத் தெரியாது. இரண்டின் ஒளிவிலகலும் நெருங்கி வரும்போது பொருள் மறைகிறது. ஒரு மனித உடம்பின் ஒளிவிலகல் எண் காற்றின் எண்ணுக்குச் சமமாகிவிட்டால் அவன் மறைந்துவிடுவான் என்பதில் பெரெல்மானுக்குத் தகராறு இல்லை. ஆனால் அவனுக்குப் பார்வை இருக்குமா? கண்ணின் வில்லை ஒளியை வளைக்காவிட்டால் பிம்பம் விழாது. விழித்திரை ஒளியை உறிஞ்சாமல் ஊடுருவ விட்டால் எதுவும் பதியாது. ஆக, ஊரையே நடுங்கவைத்த அந்த மறைந்த மனிதன் கிரிஃபின் ஒரு குருடன். வெல்ஸுக்கு இது கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். நாவலில் பூனையை மறைக்கும்போது அதன் கண்கள் மட்டும் லேசாகத் தெரிவதாக எழுதியிருக்கிறார்.

எங்கள் வகுப்பில் இது பெரிய கலகத்தை உண்டாக்கியது. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோதே வந்துவிட்ட இரும்புக்கை மாயாவிதான் எங்களுக்குக் குலதெய்வம். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் மிதக்கும். அப்படியானால் மாயாவிக்கும் கண் தெரியாதே என்று நான் சொன்னதும் பாதிப் பேர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். ஒருவன் மட்டும் யோசித்துவிட்டு, "கை மறையலைல்ல? அதுல எங்கியாச்சும் கண்ணு வச்சிருப்பாண்டா" என்றான். பெரெல்மான் கேட்டிருந்தால் அவனைத்தான் பாராட்டியிருப்பார்.

1934இல் வெல்ஸ் லெனின்கிராடுக்கு வந்தபோது அவரைச் சந்தித்த எழுத்தாளர் குழுவில் பெரெல்மானும் இருந்தார். நான் அந்த மேசையில் இருந்திருந்தால் பூனையின் கண்ணைப் பற்றித்தான் கேட்டிருப்பேன்.

புத்தகத்தில் செய்துபார்க்கும் வேலைகளும் ஏராளம். முதுகை நிமிர்த்தி, கால்களைப் பின்னுக்கு இழுக்காமல், முன்னால் சாயாமல் நாற்காலியிலிருந்து எழுந்திரு பார்ப்போம் என்பார், முடியாது. அவித்த முட்டையையும் பச்சை முட்டையையும் சுழற்றி அடையாளம் காணச் சொல்வார். அதில் எங்கள் வீட்டுத் தரை பட்ட பாடு தனிக்கதை. மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சில வாக்கியங்களில் எழுவாயைப் பிடித்துக்கொண்டு பயனிலை வரை போய்ச் சேருவதற்குள் மூச்சு வாங்கும். ஆனாலும் கணக்கின் ஒரு படியைக்கூடச் சிறுவர்கள்தானே என்று விழுங்கவில்லை. அந்த மரியாதைக்காக நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். நம் சிறுவர் அறிவியல் எழுத்தில் விளக்கம் நிறைய. வாசகனைத் தப்பான விடை சொல்லவிட்டுக் காத்திருக்கும் பொறுமைதான் குறைவு.

1935இல் லெனின்கிராடில் 'பொழுதுபோக்கு அறிவியல் இல்லம்' என்று ஒன்றைத் திறந்தார்கள். அதற்குப் பின்னால் இருந்தவரும் இவரே. போர் வந்தது, முற்றுகை வந்தது. கருவி எதுவும் இல்லாமல் திசை கண்டுபிடிப்பது எப்படி என்று படைவீரர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்த மனிதர், 1942 மார்ச்சில் அந்த நகரத்திலேயே பட்டினியால் இறந்துபோனார். கணிதத்தில் போங்காரே அனுமானத்தை நிறுவிய கிரிகோரி பெரெல்மான் இவருக்கு உறவில்லை. ஆனால் அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பா கையில் கொடுத்த புத்தகம் 'பொழுதுபோக்கு பௌதிகம்'.

வெர்ன் விஷயத்தில் பெரெல்மான் செய்த இன்னொரு காரியத்தை நான் மிகவும் தாமதமாகத்தான் அறிந்தேன். பிழையைச் சுட்டியதோடு அவர் நிற்கவில்லை. 1914இல், வெர்ன் எழுதாமல் விட்ட அத்தியாயத்தைத் தானே எழுதித் தன் பத்திரிகையில் போட்டார். 'எடையற்ற சமையலறையில் காலைச் சிற்றுண்டி' என்பது தலைப்பு. குண்டுப் பயணிகளில் இன்னொருவரான மிஷேல் ஆர்தான் சமைக்கக் கிளம்புகிறார். பாட்டிலைக் கவிழ்த்தால் தண்ணீர் வர மறுக்கிறது, தட்டினால் உருண்டையாக வந்து அந்தரத்தில் நிற்கிறது. அடுப்புச் சுடர், எரிந்த வாயு மேலே போக வழியில்லாமல் அணைந்து அணைந்து போகிறது. ககாரின் விண்வெளிக்குப் போவதற்கு 47 ஆண்டுகளுக்கு முன்னால், மேசையில் உட்கார்ந்தபடி ஒருவர் எழுதியது இது. குறை சொன்ன இடத்தில் தானே உட்கார்ந்து ஒரு வேளைச் சமையலையும் செய்துகாட்டிய விமர்சகரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.