தப்பு எந்தக் கட்டடத்தில்?

மும்பை தாஜ் மஹால் ஓட்டல் பற்றி ஒரு கதை கேட்டிருப்பீர்கள். வெள்ளைக்கார இன்ஜினீயர் பிளான் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாராம். திரும்பி வந்து பார்த்தால், முன்பக்கம் பின்பக்கமாகக் கட்டி வைத்திருந்தார்களாம். மனசு ஒடிந்து உயிரை விட்டாராம். சுத்தக் கட்டுக்கதை! 1903-ல் திறந்த அந்த ஓட்டலை வரைந்தவர்கள் சீதாராம் காண்டேராவ் வைத்யாவும் டி.என். மிர்ஸாவும். வைத்யா பாதியில் காலமாகிவிட, முடித்துக் கொடுத்தவர்தான் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர். நகரத்துப் பக்கம் வாசல் வைத்தது தெரிந்தேதான். எதிரே இருக்கும் கேட்வே ஆஃப் இந்தியா வந்ததே 1924-ல்!

குறை சொல்லியே ஆக வேண்டுமென்றால், பக்கத்தில் நிற்கிற டவரைச் சொல்லுங்கள். கிரீன்ஸ் ஓட்டல் இருந்த இடத்தில் 1973-ல் எழுப்பியது. பி.காம். படித்தவனுக்குக் கணக்கு புரிகிறது: அதே கடற்கரை மனை, மேலே மேலே ரூம். ஆனால், பால்கனிக்குப் பால்கனி வளைவு வைத்துவிட்டால் பெட்டி அரண்மனையாகிவிடுமா? நம்ம தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்துக்கு எதிரே இருபது மாடி லாட்ஜ் கட்டி, உச்சியில் கலசம் வைத்த மாதிரி இருக்கிறது.

2008 நவம்பர் தாக்குதலின்போது டி.வி.யில் நாம் பதறிப் பார்த்தது, புகைக்கு நடுவே தெரிந்த அந்தப் பழைய குவிமாடத்தைத்தான். டவரை அடுத்த மாதமே திறந்துவிட்டார்கள். பழைய கட்டடத்தை முழுசாகச் சரிசெய்து திறக்க 2010 ஆகஸ்ட் ஆயிற்று.

தற்கொலைக் கதையைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வைத்யா பெயரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?